அத்தையின் எழுபதுக்கு ஒரு போர்வை

கிச்சனர், கனடா
நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு நீ, மாமா, குழந்தைகள் எல்லோரும் நலமா? நீ அனுப்பிய துணிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. கூடவே அம்மாவின் போனும் வந்தது. அத்தையின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பட்டு எடுத்துக் கொடுக்காமல், கந்தலை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்துக் கொடுப்பதா என்று பொரிந்து தள்ளிவிட்டாள். உன்னிடமும் புலம்பியிருப்பாள். அவளிடம் ஒன்று மட்டும் கேள். நம் வீட்டில் பிறந்த குழந்தையை முதலில் எதில் சுற்றினார்கள், கடைத் துணியிலா, தாத்தாவின் பழைய வேட்டியிலா? பச்சைக் குழந்தைக்கு ஆகிற துணி அத்தைக்கு ஆகாதா?

இந்த யோசனை வேலை செய்யும் இடத்தில்தான் பிறந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறை என்று சொல்லியிருந்தேனே. தட்டு எடுக்க அறைக்குள் போனால் கட்டில், திரைச்சீலை, நாற்காலி எல்லாம் எங்கும் ஒரே மாதிரிதான். போர்வை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒரு பாட்டியின் போர்வை முழுக்க இறந்துபோன கணவரின் கட்டம் போட்ட சட்டைகள். தைத்த மகள் ஒரு சட்டைப் பையைப் பிரிக்காமல் அப்படியே விட்டிருக்கிறாள்; பாட்டி அதற்குள்தான் கைக்குட்டை வைத்துக்கொள்கிறார். பின்பக்க மூலையில் ஒரு சிறு துணித்துண்டு. யாருக்காக யார் தைத்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று அதில் நூலாலேயே எழுதியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இதற்கு அவ்வளவு மரியாதை. மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இங்கே பல தலைமுறைகளாகக் குடியிருக்கிறார்கள். அவர்களில் பழைய முறை விடாதவர்கள் இன்றைக்கும் குதிரை வண்டியில்தான் போகிறார்கள். செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் போனால் கார்களுக்கு நடுவே வண்டி வரும். பெண்கள் மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, கையாலேயே தைக்கிறார்கள். நியூ ஹாம்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் இந்தப் போர்வைகளை ஏலம் விட்டு, வரும் பணத்தை நிவாரணப் பணிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரே போர்வை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவதும் உண்டு. அம்மாவிடம் சொல்லும்போது ரூபாயில் பெருக்கிச் சொல்.

அத்தை சேலத்தில் இருந்திருந்தால் நானே இதில் இறங்கியிருக்க மாட்டேன். சேலம் குகைப் பகுதியில் இருக்கும் நம் வீட்டில் மாசி பிறந்தாலே விசிறி இல்லாமல் படுக்க முடியாது, பஞ்சுப் போர்வை எதற்கு? அத்தை இருக்கும் ஏற்காடோ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழிப் பனிக்கு அந்த ஓட்டு வீட்டில் கம்பளி இல்லாமல் முடியாது. கம்பளி குத்துகிறது என்று அத்தை அதையும் உதறிவிடுவார். அதனால் நடுவில் வைக்க மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்புதான் வாங்கினேன். இங்கே விற்கிற தடித்த ரகம் இந்த ஊர்க் குளிருக்குச் சரி. இங்கே இப்போதே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் வெளியே போக வழியில்லை, தைக்கத்தான் நேரம்.

எல்லாத் துணியையும் வெந்நீரில் அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டினேன். ஒவ்வொன்றும் ஆறரை அங்குலச் சதுரம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் ஆறு அங்குலம் மிஞ்சும். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதின்மூன்று, ஆக 130 கட்டங்கள். தையல் நூலளவு விலகினாலும் வரிசை முடியும் இடத்தில் விரலளவு இடித்துக்கொண்டு நிற்கும்.

பட்டுதான் பாடாய்ப் படுத்தியது. தாத்தா தன் தறியில் நெய்த சேலம் வெண்பட்டு வேட்டி, வெட்டிய இடமெல்லாம் பிசிறு பிரிந்தது. சட்டைக் காலருக்கு வைப்பார்களே ஒட்டுக் கேன்வாஸ், அதில் மெல்லியதாக வாங்கி, பின்புறம் இஸ்திரி போட்டு ஒட்டிய பிறகே அடங்கியது. ஜரிகைக் கரையை வெட்ட மனம் வரவில்லை. முகத்தில் பட்டால் உறுத்தும் என்று கால் பக்கத்து ஓரத்தில் முழு நீளமாகவே வைத்துவிட்டேன்.

அம்மாவின் இளம்பிள்ளை ஊர்ச் சேலை, உன் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை, நம் இரண்டு பேரையும் ஆட்டிய தூளிச் சேலை எல்லாம் நடுவில் கலந்து வருகின்றன. அத்தை காப்பித் தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போன நூல் சேலையில், கூடை உரசிய இடுப்புப் பக்கம் பழக்கறை இருந்தது. அந்த இடத்தைத் தேடித்தான் வெட்டினேன். இங்கே ஒரு தோழி அதைப் பார்த்துவிட்டுக் கறை நீக்கும் மருந்து கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண். வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மேல் துணி, நடுப் பஞ்சு, அடித் துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க மேலோடு ஒரு தையல் ஓட வேண்டும். இங்குள்ளவர்கள் பூ, இறகு என்று போடுகிறார்கள். நான் நீ படம் எடுத்து அனுப்பிய அத்தை வாசல் சிக்குக் கோலத்தைப் போட்டேன். ஒரே இழையில் முடிகிற கோலம் என்பதால் நூலை அறுக்காமல் மெஷினை ஓட்டிக்கொண்டே போகலாம். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். புள்ளிகளைச் சாக்குக்கட்டியால் வைத்தேன், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். பின்பக்க மூலையில் பெயரும் ஊரும் தமிழில்தான். 'த்' மேல் புள்ளி வைக்க ஒரு முடிச்சு போதும், 'ழு'வைச் சங்கிலித் தையலில் வளைப்பதற்குள் கண் பிதுங்கிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்கு வரும் ஆத்தூர்க் குடும்பம் ஒன்றிடம் கொடுத்தனுப்புகிறேன். மலைக்குக் கொண்டுபோகும்போது மடியிலேயே வைத்துக்கொள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உனக்குத் தலை சுற்றும் என்பது தெரியும், வளைவு தொடங்கியதும் பொட்டலத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார். வாஷிங் மெஷினில் போடக் கூடாது, நல்ல வெயிலில் காயப்போடக் கூடாது என்று அத்தையிடம் சொல். மடித்து வைக்கும்போது ஜரிகையில் படாமல் வேப்பிலை போட்டால் போதும், பாச்சை உருண்டை வேண்டாம்.

இன்னொன்று. உன் பையனுக்குச் சிறிதாகிப்போன சட்டைகளைப் பழைய துணிக்காரரிடம் போட்டுப் பாத்திரம் வாங்கிவிடாதே. எடுத்து வை.

அன்புடன்,
உன் தங்கை