கற்பனை நாட்டிலும் உப்பு விற்கிறவர் வேண்டும்

மதுரையில் கூடி உட்கார்ந்து ஒரு கற்பனை அரசின் வரலாற்றை எழுதிவரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்கள் நாட்டின் கதையை ஒரே மூச்சில் படித்தேன். வரைபடம் பிரமாதம். ஆனால் ஓர் அரசர் புலவர்களைக் கூட்டியதும் கலை பூக்கிறது. அவருடைய பேரன் கோட்டைக் கதவைச் சாத்தியதும் அடுத்த பக்கத்திலேயே யாழ் ஓய்கிறது. இவ்வளவு சுலபமாகவா ஒரு நாடு பூத்து ஒடுங்கும்?

கிடாரிப்பட்டி வழியாக அழகர்மலைக் குகைத்தளத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். அங்கே சுமார் 2,000 ஆண்டுப் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள். கொடையாளிகள் யார் தெரியுமா? மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், ஏர்க்கொழு விற்ற வணிகர். மாங்குளம் குகைக் கல்வெட்டில் பாண்டிய அரசன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கூடவே வெள்ளறை வணிகர் குழுவும் இருக்கிறது. உங்கள் நாட்டிலோ உப்பு விற்கிறவர் ஒருவர்கூட இல்லை. புலவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

ஒடுங்குவதற்கும் அரச ஆணை தேவையில்லை. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையை எவரும் இழுத்து மூடவில்லை. தாமிரபரணியின் வண்டல் சேரச் சேரக் கடல் விலகியது. வணிகம் காயல் என்ற துறைமுகத்துக்கு நகர்ந்தது. பிறகு காயலும் தூர்ந்து, தூத்துக்குடி எழுந்தது. கொற்கை இன்று கடலைப் பார்க்க முடியாத சிற்றூர். உங்கள் வரைபடத்தில் அவ்வளவு அழகாக வளைந்து ஓடும் ஆறு, இந்த வேலையைச் செய்யாதா?

குலசேகர பாண்டியனின் மகன்கள் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1311இல், டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்தது. பின்னாளில் பாண்டியர் தென்காசிப் பக்கம் ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்கள் ஊமையாகிவிட்டார்களா? 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் அங்கே விசுவநாதர் கோயிலை எழுப்பினான். அடுத்த நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியன் நளன் கதையை எடுத்து நைடதம் பாடினான். ஆள்வதற்கு நாடு சுருங்கிய காலத்தில் அரசனே புலவனாக உட்கார்ந்துவிட்டான்! கதவு சாத்திய நாட்டில் என்ன பாடுவார்கள், யாருக்காகப் பாடுவார்கள்? கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீங்களோ இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு மெய்யாகவே ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்த திருத்தத்தில் அந்த முதல் அரசரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். துறைமுகத்தில் சுங்கம் வாங்குகிறவர் முன்னால் வரட்டும். பேரன் கதவைச் சாத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் துறையில் மண் மேடிட்டு, கப்பல்கள் வேறு ஊருக்குப் போகத் தொடங்கியிருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மதுரை வாசகர் ஒருவர்