சீனக்குடா விமானப்படை முகாமில் விமானி பயிற்சி பெறும் மகனுக்கு

அப்புத்தளை,
08.04.2025

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலத்தைத்தான் மூன்று ஞாயிறாகக் கேட்க முடியவில்லை.

அக்கா மகனுக்குப் பல் முளைத்துவிட்டது. நீ அனுப்பிய பணத்தில் கூரைத் தகரம் மாற்றிவிட்டோம். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூக்கம் கெட்டால் மறுநாள் அதிகாரியிடம் சொல்லிவிடு, விமானத்தில் ஏறாதே.

மார்ச் 21 வாரியபொலையில் கே-8 பயிற்சி விமானம் விழுந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இரண்டு விமானிகளும் பாரசூட்டில் இறங்கிப் பிழைத்தார்கள் என்றதும், முகம் தெரியாத அந்தத் தாய்மாரை நினைத்து விளக்கேற்றினேன். மறுநாள் உன் மாஸ்டரிடம் விசாரித்தேன். கே-8இல் ஆசனமே விமானியை வெளியே தூக்கி எறியுமாம். நீ பழகும் பி.டி.-6 விமானத்தில் அப்படி ஆசனம் கிடையாதாம். கண்ணாடி மூடியைத் திறந்து விமானியே வெளியே குதிக்க வேண்டுமாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 2023 ஆகஸ்டில் உங்கள் சீனக்குடாவில் இரண்டு பேரைக் கொண்டுபோனதும் பி.டி.-6 தானே?

காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோரும் என்னை 'பைலட் அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நெஞ்சு நிறைந்துபோகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு நிமிடம் பேச நேரமில்லையா? தூக்கம் கெட்டால் ஏறாதே, சொல்லிவிட்டேன்.

2020 ஜனவரி 3ஆம் திகதி நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். வீரவிலவில் இருந்து வந்த விமானப்படையின் வை-12 விமானம் நம்மூர்த் தம்பாப்பிள்ளை மாவத்தையில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, கையைப் பிரித்தபோது கொழுந்து கசங்கி உள்ளங்கையெல்லாம் பச்சையாக இருந்தது. நீ ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தாய். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். நீயோ, "ஏம்மா விழுந்தது?" என்று மட்டும் கேட்டாய்.

அந்தப் பச்சை என் கையை விட்டுப் போகவே இல்லை, மகனே. அதனால்தான் உன் முதல் நேர்முகத்துக்கு வந்த கடிதத்தை ஒன்பது நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். தபால் தாமதம் என்று பொய் சொன்னேன். உனக்கு ஒரு வருடம் வீணாகிப்போனது. கடிதத்தின் மடிப்பில் இருந்த தவிட்டை நீ ஊதித் தட்டியதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. அன்றைக்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போதும் அப்படித்தான் எதையோ உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாயா? பயமாக இருந்தால் பயம் என்றே சொல். திரும்பி வா என்று கேட்க மாட்டேன். சத்தியமாகக் கேட்க மாட்டேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கடைசி லயத்து மேட்டில் நிற்பேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது. மழை பெய்தாலும் நிற்பேன்.

அம்மா