வன்மம் வேண்டாம், முருகேசா

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியை வீட்டில் வாசித்துக் காட்டினேன், அவளுக்கு ஒரே சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மழைதான் இந்த முறையும் ஏமாற்றிவிட்டது.

நீ அனுப்பிய மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். ‘மாலிஸ்’ (malice) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘வன்மம்’ என்று போட்டிருக்கிறாய். பங்காளிப் பகைக்கு அது கச்சிதம். ஆனால் அமெரிக்க அவதூறுச் சட்டத்தின் ‘ஆக்சுவல் மாலிஸ்’ (actual malice) வரும் இடத்தில் வன்மத்துக்கு வேலையே இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக முழுப்பக்க விளம்பரம் வந்தது. அவரை ஏழு முறை கைது செய்ததாக அதில் இருந்தது. உண்மையில் நான்கு முறைதான். போராட்டத்தில் மாணவர்கள் பாடியது தேசிய கீதம். விளம்பரத்தில் வேறு பாட்டு. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரக் காவல்துறைக்குப் பொறுப்பாயிருந்த சல்லிவன், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று அவதூறு வழக்குப் போட்டார். இத்தனைக்கும் அவர் பெயர்கூட அதில் இல்லை! அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு அதிகாரி தன் பணி தொடர்பான அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டால், பொய்யென்று தெரிந்தே போட்டார்கள், அல்லது மெய்யா பொய்யா என்று சட்டை செய்யாமல் போட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றார் நீதிபதி பிரென்னன். அதற்குத்தான் ‘ஆக்சுவல் மாலிஸ்’ என்று பெயர். பத்திரிகை ஆசிரியர் அந்த அதிகாரியை அடியோடு வெறுக்கலாம். உண்மை என்று நம்பிப் போட்டிருந்தால் மாலிஸ் கிடையாது. துளிப் பகையும் இல்லாமல், பிரதி விற்கட்டும் என்று தெரிந்தே பொய்யைப் போட்டால் மாலிஸ்! சொல் குழப்புகிறது என்று 1991-இல் அதே நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

நம் ஊரிலும் இது எட்டிப் பார்த்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994-இல் நம் உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பை எடுத்துப் பேசியது. வெளியீட்டுக்கு அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது என்றும் சொன்னது.

ஆகவே அந்த இடங்களில் ‘அறிந்தோ அசட்டையாகவோ பொய் வெளியிடுதல்’ என்று விரித்தே எழுது. நீளம்தான், பரவாயில்லை. ஏழாம் பக்கத்தில் இங்கிலாந்துக் கொலைச் சட்டத்து ‘மாலிஸ்’ வேறு வருகிறது. அங்கே இரக்கப்பட்டுக் கொன்றாலும் அந்தச் சொல் பொருந்தும். ‘கொல்லும் அல்லது கொடுங்காயம் விளைவிக்கும் எண்ணம்’ என்று போடு.

மீதிப் பக்கங்களையும் அனுப்பு. மருமகளை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்