விடுதிக்கு வரும் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். தேர்வு முடிவு வெளியாகும் மே மாதம் தொடங்கி, பிள்ளைகள் ஊரை விட்டுக் கிளம்பும் ஆகஸ்ட் வரை, பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்பதைப் பற்றியவை; மறுபாதி, பெட்டியில் என்னென்ன வைத்து அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றியவை. முதல் வகைக் கேள்விக்குப் பதில் சொல்லக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் இருக்கின்றன, வழிகாட்டிக் கையேடுகள் இருக்கின்றன, விவரம் தெரிந்த முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வகைக் கேள்விக்கு உங்களைத் தவிர வேறு எவராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஆகவேதான் இந்த மடல். சேர்க்கை உறுதியாகும் அன்றே, விடுதிக்கு எதைக் கொண்டுவர வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது, முதல் நாளில் மொத்தம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும், உடன் யார் வரலாம் என்பதையெல்லாம் ஒரே தாளில், தமிழில் எழுதி அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இதைக் கேட்பதற்குக் காரணம், எங்கள் பெற்றோருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு என்பது. பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய 2018 முதல் சென்னைக்கு அலையும் செலவு மிச்சமாகியிருக்கிறது. அதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒதுக்கீட்டு ஆணை வந்தபின் கல்லூரியில் போய்ச் சேர்வதற்குச் சில நாட்களே தரப்படுகின்றன. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு அதைவிட மேலான விருப்பத்துக்காகக் காத்திருக்கும் மாணவரின் வீட்டில், பிள்ளை திருநெல்வேலிக்குப் போகிறானா, கோயம்புத்தூருக்குப் போகிறானா என்பதே கடைசி நேரம் வரை தெரிவதில்லை. ஊர் எதுவென்று தெரியாமல் கம்பளி வாங்குவதா, கொசுவலை வாங்குவதா என்று அந்த வீட்டார் தவிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தெரிந்தபின் கிடைக்கும் நாட்களில் பணம் புரட்ட வேண்டும், இ-சேவை மையத்தில் சான்றிதழ்களுக்கு நிற்க வேண்டும், சாமான்கள் வாங்க வேண்டும், பயணமும் போக வேண்டும்.

பணம் புரட்டுவது என்று நான் எழுதுவதற்கும் ஒரு பின்னணி உண்டு. எங்கள் பகுதி குண்டு மிளகாய் விளையும் பகுதி. மாசி, பங்குனியில் பழம் எடுத்துக் களத்தில் காயவைத்து விற்றால்தான் கையில் காசு பார்க்க முடியும். கல்லூரி திறக்கும் ஆடி, ஆவணியில் நிலம் உழுது மழைக்குக் காத்திருக்கும் நேரம். வீட்டில் இருக்கும் காசும் உழவுக்குப் போய்விடும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது. அந்த ஒதுக்கீட்டுக்குள் வராத பிள்ளைகளும் எங்கள் வகுப்பறைகளில் நிறைய இருக்கிறார்கள். கட்டணம் ஏதும் இல்லை என்று நம்பிக் கிளம்பியவர்களும்கூட, உணவு முன்பணம், காப்புத்தொகை, சீருடைத் துணி, ஆய்வகக் கோட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படும்போது அலுவலக வாசலிலேயே ஊருக்குப் போன் போட்டுக் கடன் கேட்கும்படி ஆகிறது. தொகை எவ்வளவானாலும் முன்பே தெரிந்தால் எங்கள் மக்கள் எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்வார்கள். நகையை அடகு வைப்பதாயினும் உள்ளூரில், தெரிந்த கடையில், தகுந்த வட்டிக்கு வைப்பார்கள்.

இனி பெட்டிக்கு வருகிறேன். என் மாணவன் ஒருவனுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. தரையில் படுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அவனுடைய தந்தை ஓர் இலவம்பஞ்சு மெத்தை வாங்கி, சுருட்டிக் கொடிக்கயிற்றால் கட்டி, முதுகுளத்தூரிலிருந்து பரமக்குடி வழியாக மதுரைக்குக் கொண்டுபோனார். எங்கள் பக்கத்துப் பேருந்துகள் மாட்டுத்தாவணியில் நிற்கும். கோயம்புத்தூர்ப் பேருந்துக்கு ஆரப்பாளையம் போக வேண்டும். டிரங்குப் பெட்டி, பக்கெட், மெத்தை ஆகியவற்றுடன் அந்த இடைவெளியை நகரப் பேருந்தில் கடப்பது எப்படிப்பட்டது என்பதை மதுரையை அறிந்தவர்கள் உணர்வார்கள். ஒவ்வொரு பேருந்திலும் மெத்தைக்குத் தனியாகச் சுமைக் கட்டணம் கேட்டார்கள். விடுதி வாசலுக்குப் போனபின், வெளியிலிருந்து வரும் மெத்தைகளில் மூட்டைப்பூச்சி வந்துவிடுவதால் அவற்றை அனுமதிப்பதில்லை என்றும், கட்டிலின் அளவுக்கேற்ற மெத்தையை வளாகத்துக்குள்ளேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் காவலாளி சொன்னார். அன்று இரவே அந்தத் தந்தை மெத்தையைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் ஊர் திரும்பினார். விதியில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தங்கும் இடத்தில் அப்படி ஒரு விதி தேவைதான். அதை ஒரு வாரம் முன்பு ஒரே வரியில் சொல்லியிருந்தால் போதும் என்பதுதான் என் ஆதங்கம்.

மின்சாரக் கெட்டில், தண்ணீரில் போட்டுச் சுடவைக்கும் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் கதையும் இதுதான். பெரும்பாலான விடுதிகளில் இவற்றுக்குத் தடை இருக்கிறது. மின்கசிவையும் தீ விபத்தையும் நினைத்தால் இருக்கவும் வேண்டும். ஆனால் அது தெரியாத தாய், பிள்ளை வெந்நீருக்கு என்ன செய்வாளோ என்று கவலைப்பட்டு முதலில் வாங்குவதே கெட்டிலைத்தான். தட்டும் டம்ளரும் கொண்டுவர வேண்டுமா, உணவுக்கூடத்திலேயே இருக்குமா என்பதும் இப்படித்தான். ஒரு வீட்டில் எவர்சில்வர் தட்டு, டம்ளர், சிறு கிண்ணம், மூடி போட்ட தூக்கு என ஒவ்வொன்றிலும் பாத்திரக் கடையில் கொடுத்து மகளின் பெயரையும் தலைப்பெழுத்தையும் வெட்டி வாங்கிவந்திருந்தார்கள். அவள் சேர்ந்த விடுதியில் சொந்தப் பாத்திரத்துக்கு வேலையே இல்லை. இன்னொரு விடுதியில் சேர்ந்த பெண், தட்டு கொண்டுவராததால் முதல் இரண்டு வேளையும் அறைத்தோழி சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, அவளுடைய தட்டைக் கழுவி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

தின்பண்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தாய்மார்கள் பிள்ளையை அனுப்புவதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன்பே அடுப்படியில் இறங்கிவிடுவார்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், எள்ளுருண்டை, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி என்று பெட்டியில் பாதி இடத்தை இவையே பிடித்துக்கொள்ளும். வெளியூர்ச் சாப்பாடு பழகும் வரை பிள்ளையின் வயிறு வாடக் கூடாது என்பதுதான் அந்த உழைப்புக்கெல்லாம் காரணம். எலியும் எறும்பும் வரும் என்று வாசலிலேயே இவற்றைத் திருப்பி அனுப்பும் விடுதிகள் உண்டு; காற்றுப் புகாத டப்பாவில் உலர்ந்த பண்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் விடுதிகளும் உண்டு. இரண்டாவது வழியை எல்லா விடுதிகளும் பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வழியே இல்லாவிட்டால், இல்லை என்பதையாவது முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

மாணவியர் விடுதியாக இருந்தால், பயன்படுத்திய நாப்கின்களை எங்கே, எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்ற விவரத்தையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். புது இடத்தில், புது மனிதர்களிடம் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் படும் பாட்டைப் பெண் காப்பாளர்கள் நன்கு அறிவார்கள். தாயிடம் தாள் போய்ச் சேர்ந்தால் தாயே மகளுக்குச் சொல்லி அனுப்புவாள். வீசிங், வலிப்பு, சர்க்கரை போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளைகள் யாரிடம் தெரிவிக்க வேண்டும், மருத்துவர் சீட்டின் நகலை யாரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் எங்கள் பெற்றோருக்கு உண்மையிலேயே அச்சம் இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பயணம் முழுதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார்கள். மாணவரின் முன்னிலையில் அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், சுயசான்றொப்பமிட்ட நகலை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. அசல்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பதாகப் பெற்றோர் வந்து சொல்கிறார்கள். எந்தெந்தச் சான்றிதழுக்கு எத்தனை நகல் வேண்டும், அசல் எப்போது கைக்கு வரும் என்று தாளில் எழுதிவிட்டால், அந்தத் தந்தை உங்கள் எழுத்தரிடம் தயங்காமல் பேசுவார். ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களின் கீழ் மாதந்தோறும் கிடைக்கும் 1000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கத் தேவையானவற்றையும் அங்கேயே குறிப்பிடுங்கள். மாணவரின் பெயரில், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கை ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிட்டால், வகுப்பை விட்டுவிட்டு வங்கிக்கு அலைய வேண்டியிராது.

படிவங்கள் சிலவற்றை உங்களைத் திருத்தச் சொல்லிக் கேட்க விரும்புகிறேன். ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்று ஒரு கட்டம் பல விடுதிப் படிவங்களில் இருக்கிறது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒருவரையும் அறியாத குடும்பம் அதில் யார் பெயரை எழுதும்? கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதற்காக, ஊர்க்காரர் ஒருவர் அங்கே ஏதோ கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் பெயரை எழுதிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஒரு பெண் குழந்தையை வெளியே அழைத்துப் போகும் உரிமையை, குடும்பத்துக்குச் சரியாகத் தெரியாத ஒருவருக்கு உங்கள் படிவமே கொடுத்துவிடுகிறது. அப்படி எவரும் இல்லாத பிள்ளைகளுக்குத் துறை ஆசிரியர் ஒருவரையே பொறுப்பாளராக நியமிக்கலாம். தந்தை வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். இரு பெற்றோரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியால், தாய் மட்டும் வந்த பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட நேர்கிறது.

ராகிங் தடுப்பு உறுதிமொழிப் பத்திரத்திலும் பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். சிதம்பரத்தில் 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், அந்த உறுதிமொழி விண்ணப்பதாரர் அறிந்த வட்டார மொழியிலும் அமைவதற்கு இடம் தருகின்றன. விடுதிக் காப்பாளர் உள்ளிட்ட பொறுப்பாளர்களின் தொலைபேசி எண்களைச் சேர்க்கைக் கையேட்டில் அச்சிட வேண்டும் என்றும் கூறுகின்றன. இருந்தும், எங்கள் பெற்றோரின் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்துவிட்டு வருகிறார்கள். தன் பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் எந்த எண்ணை அழைப்பது என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டாமா? 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணையும், இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுக்கப்படும் உங்கள் விடுதி எண் ஒன்றையும் பெரிய எழுத்தில் அந்தத் தாளின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்.

முதல் நாளன்று மட்டுமாவது, பெற்றோர் இருவரையும் அறை வரை போக அனுமதிக்க வேண்டும். மாணவியர் விடுதிக்குள் தந்தைமார் நுழையக் கூடாது என்ற விதியின் நோக்கம் புரிகிறது. ஆயினும் மூன்றாவது மாடிக்கு டிரங்குப் பெட்டியைத் தாயும் மகளும் மட்டுமே தூக்கிக்கொண்டு ஏற, தந்தை வாசலில் பையை வைத்துக்கொண்டு நிற்கும் நிலையைத் தவிர்க்கலாம். அந்த ஒரு நாளில் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கி, பணியாளர் ஒருவர் உடன்வர அவர்களை உள்ளே விட்டால், கட்டில் எது, அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கே பிடிப்பது, ஜன்னல் சரியாக மூடுகிறதா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளை தங்கும் இடத்தைப் பார்த்துவிட்ட தந்தை, ஊருக்குப் போனபின் ஒரு நாளைக்கு ஆறு முறை போன் செய்து உங்களையும் பிள்ளையையும் தொந்தரவு செய்யமாட்டார்.

முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடத்துகிறீர்கள். அதன் முதல் நாளில் ஒரு மணி நேரத்தைப் பெற்றோருக்கென ஒதுக்கி, மேடைப் பேச்சாக இல்லாமல், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் காப்பாளரே தமிழில் பதில் சொல்லும் கூட்டமாக அதை நடத்துங்கள். விடுப்புக்கு யாரிடம் எழுத வேண்டும், தீபாவளிக்கு எப்போது விடுவார்கள், சோறு பிடிக்காவிட்டால் யாரிடம் சொல்வது என்றுதான் அவர்கள் கேட்பார்கள்.

நான் கேட்கும் தாளைத் தயாரிக்க அதிகச் செலவு ஆகாது. இரண்டாமாண்டு மாணவர்கள் நால்வரை உட்காரவைத்து, சென்ற ஆண்டு நீங்கள் எதை வீணாகத் தூக்கி வந்தீர்கள், எது இல்லாமல் சிரமப்பட்டீர்கள் என்று கேட்டாலே பாதித் தாள் நிறைந்துவிடும். அதன் ஒரு படியை எங்கள் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். பெற்றோர் கூட்டத்தில் நானே அதைப் படித்து விளக்குகிறேன். படிக்கத் தெரியாதவர்களின் வீடுகளுக்குச் சென்று சொல்லவும் என்னுடன் பணியாற்றும் ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அடுத்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன், இந்த ஒரு பக்கத்தையும் அதில் சேர்த்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.