உன் காசுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் குறைந்திருக்கிறது. நீ கேட்டதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. எழுதிவிட்டால் பிறகும் எடுத்துப் பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அங்கே கனடாவில் வேலையிடத்து ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி. ஒரு கம்பனியில், வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரி.எவ்.எஸ்.ஏ. ஒரு வங்கியில், பங்கு வாங்கும் கணக்கு இணையத்தில் வேறோர் இடத்தில், இங்கே உன் பெயரில் நிலையான வைப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்டாய். காசு கொடுத்து எதையும் வாங்காதே. குனூகாஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் இலவசம், விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோயில் பரிபாலன சபைக் கணக்கை நான் அதில்தான் எழுதுகிறேன். நீ உயர்தரத்தில் படித்த அதே இரட்டைப் பதிவு, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்கில் எழுதும் முறை, என்பதால் உனக்குக் கை உடனே படியும். போர்ட்போலியோ பெர்போமன்ஸ் என்று இன்னோர் இலவச மென்பொருளும் உண்டு. பங்குகளின் வருவாய் வீதத்தை அது இன்னும் வடிவாகக் காட்டும். ஆனால் நாணயமாற்று வீதத்தை அது ஐரோப்பிய மத்திய வங்கியின் பட்டியலிலிருந்து எடுக்கிறது, அந்தப் பட்டியலில் இலங்கை ரூபா இல்லை. உனக்கு ரூபாவும் கனேடிய டொலரும் சொத்தையும் கடனையும் காட்டும் ஒரே ஐந்தொகையில் வரவேண்டும். ஆகவே குனூகாஷ்.

வங்கியின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே இழுத்து வந்து காட்டும் செயலிகளை உன் சிநேகிதிகள் பாவிக்கிறார்கள் என்றாய். அது எனக்குத் துண்டறப் பிடிக்கவில்லை. வங்கிக் கடவுச்சொல்லை மூன்றாம் ஆளிடம் கொடுத்தபின் காசு களவு போனால் வங்கியோடு வழக்காடுவது உன் தலையில்தான் விழும். இன்னொன்று, அந்தச் செயலிகள் எப்போதும் இருக்கும் என்றும் இல்லை. மின்ட் எவ்வளவு பேர்போன செயலி, 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். வங்கியின் தளத்தில் நீயே நுழைந்து, வங்கிக் கணக்குக் கூற்றை ஓ.எவ்.எக்ஸ். அல்லது சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, குனூகாஷில் ஏற்று. மாதத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலையில் ஒவ்வொரு வரியும் உன் கண்ணில் படும், அதுதான் எனக்கு வேண்டியது.

சரி, முதல் நாள் என்ன செய்வது? பழைய கணக்கை எல்லாம் தோண்டப் போகாதே. பலர் அங்கேதான் களைத்துப்போய்க் கைவிடுகிறார்கள். ஒரு திகதியைத் தீர்மானித்துக்கொள், போன மாதக் கடைசி நாளாக இருக்கட்டும். ஒவ்வொரு கூற்றிலும் அன்றைக்கு இருந்த மீதியை ஆரம்ப மீதியாகப் போடு. பங்குகளுக்கு மட்டும் இரண்டு விபரம் வேண்டும்: எத்தனை அலகு, அவற்றை வாங்க மொத்தம் எவ்வளவு செலவானது. இன்றைய விலையைப் பிறகும் எடுக்கலாம். வாங்கிய கிரயத்தைத்தான் இப்போதே தேடிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் வருடங்கள் போகப் போக அது கிடைப்பது கடினம்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். நீ போட்ட காசையும், அந்தக் காசு உழைத்த காசையும் வேறாக வை. செயலியைத் திறந்தவுடன் பெரிதாக ஓர் இலக்கம் தெரியும், போன வருடத்தைவிட அது கூடியிருக்கும், மனம் குளிர்ந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார். தை மாதம் 10,000 டொலர் இருந்தது. ஆடி தொடக்கத்தில் சம்பளத்திலிருந்து இன்னும் 5,000 போட்டாய். வருட முடிவில் 15,600 நிற்கிறது. பத்து பதினைந்தரையாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் காசு உழைத்தது 600 தான். பிந்திப் போட்ட 5,000 பாதி வருடமே உள்ளே இருந்ததால் அதை 2,500 ஆக எடு, வருடம் முழுக்க வேலை செய்தது 12,500. அதற்கு 600 என்றால் ஏறத்தாழ 4.8 சதவீதம். வங்கி வைப்பிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு கிடைத்திருக்குமா, இந்தப் பங்குகளை வைத்துக்கொண்டு நெஞ்சிடியோடு இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அந்த 4.8 தெரிந்தால்தான் கேட்கலாம். குனூகாஷில் 'அட்வான்ஸ்ட் போர்ட்போலியோ' என்ற அறிக்கை உண்டு. உள்ளே போட்ட காசு, வெளியே எடுத்த காசு, விற்று வந்த இலாபம், இன்னும் விற்காத இலாபம் எல்லாம் தனித்தனி நிரலில் வரும். முதலில் உள்ளே போட்ட காசின் நிரலைப் பார்த்துப் பழகு.

அடுத்தது மறுமுதலீடு. உன் கணக்கில், கம்பனிகள் பங்குகளுக்குத் தரும் பங்கிலாபம் தானாகவே திரும்ப அலகு வாங்குகிறது என்றாய். அதைப் பதியாமல் விடுவது வரி நேரத்தில் இடிக்கும். 31.20 டொலர்படி 50 அலகு வாங்கினாய், கிரயம் 1,560. பின்னர் 48 டொலர் பங்கிலாபம் வந்து, 32 டொலர் விலையில் ஒன்றரை அலகு வாங்கியது. அந்த 48க்கு நீ வருமான வரி கட்டுவாய். ஆகவே கிரயம் இப்போது 1,608. எல்லாவற்றையும் 1,700க்கு விற்றால் இலாபம் 92. மறுமுதலீட்டைப் பதியாதிருந்தால் 140 என்று காட்டி, அதே 48க்கு இரண்டாம் தரமும் வரி கட்டுவாய். கனடாவில் கிரயத்தைச் சராசரியாகத்தான் எடுப்பார்கள், எனவே அந்த 'அட்வான்ஸ்ட் போர்ட்போலியோ' அறிக்கையின் அமைப்பிலும் சராசரியைத் தெரிவு செய். இந்தத் தலையிடி வரிச் சலுகை இல்லாத சாதாரண முதலீட்டுக் கணக்குக்கு மட்டும்தான். ரி.எவ்.எஸ்.ஏ.யில் கவனிக்க வேண்டியது எவ்வளவு போட்டாய் என்பது. 2024, 2025 இரண்டிலும் வருட எல்லை 7,000 டொலர், முந்திய வருடங்களில் போடாமல் விட்ட மிச்ச இடமும் சேரும். மொத்த எல்லையை மீறினால், மீறிய தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் தண்டம். எடுத்த காசைத் திரும்பப் போடும் இடம் அடுத்த ஜனவரியில்தான் திறக்கும். அதனால் ரி.எவ்.எஸ்.ஏ.யைத் தனிக் கணக்காகவே திற.

இனி இங்கே இருக்கும் வைப்பு. ரூபாவை ரூபாவாகவே எழுது, டொலருக்கு மாற்றி எழுதாதே. மாதக் கடைசியில் வீதத்தை மட்டும் விலைப் பட்டியலில் கையால் போடு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதம் 360 ஆகிவிட்டது. 10 லட்சம் வைத்திருந்தவருடைய வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் 5,000 டொலராக இருந்தது 2,800க்கும் கீழே போய்விட்டது. நீ அங்கே டொலரில் வாழ்கிறாய். வட்டி வீதம் கூட என்று ஆசைப்பட்டு இங்கே இன்னும் போடலாமா என்று மருமகன் கேட்டாராம். அந்த வருடத்தை மென்பொருளில் ஒருக்கா போட்டுக் காட்டு, அவருக்கு விளங்கும்.

வட்டியைப் பதியும்போது கைக்கு வந்த தொகையை மட்டும் எழுதாதே. வங்கி இப்போது வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறது, 2025 ஏப்ரலுக்கு முன் அது 5 சதவீதம். முழு வட்டியை வருமானமாகவும் பிடித்த வரியைத் தனியாகவும் எழுது. கனடாவில் வசிப்பவர் உலகம் முழுவதிலும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும், இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம். கழிவு கேட்க ஆதாரம் வேண்டும். அத்துடன், வெளிநாட்டுச் சொத்துகளின் கிரயம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் கனேடிய டொலரைத் தாண்டினால், அவற்றை அறிவிக்கும் ரி1135 படிவம் நிரப்ப வேண்டும். நீங்கள் வந்து தங்குவதற்கென்றே வைத்திருக்கும் வீடு அதில் சேராது, குத்தகைக்குக் கொடுக்கும் காணி சேரும். படிவம் பிந்தினால் நாளுக்கு 25 டொலர் தண்டம், 2,500 வரை போகும். அம்மம்மாவின் காணி உன் பெயருக்கு மாறியபின் இதைப் பற்றி அங்கே ஒரு கணக்காளரிடம் கட்டாயம் கதை.

நகையைப் பற்றியும் கேட்டாய். எத்தனை பவுண் என்று எழுதி வை, விலை போடாதே. தாலிக்கொடியைச் சேர்த்துச் சொத்துக் கணக்கைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குனூகாஷ் கோப்புக்குப் பூட்டுக் கிடையாது. லாப்டொப்பை எடுத்தவர் திறந்து பார்க்கலாம், ஆகவே லாப்டொப்புக்கு நல்ல கடவுச்சொல் போடு. மாதாந்த வேலை முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வை. 1995 யுத்த இடப்பெயர்வில் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தபோது நிமிர்ந்து நின்று கதைத்தார்கள். இல்லாதவர்கள் ஒரு பிரதிக்காக அரச அலுவலகமான கச்சேரிக்கும் வங்கிக்கும் எவ்வளவு அலைந்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன். கோப்பு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று மருமகனுக்கும் தெரிய வேண்டும். முதல் நாள் இருவரும் பக்கத்தில் இருந்தே செய்யுங்கள்.

நிலையான வைப்புச் சான்றிதழையும், வரி பிடித்ததற்கு வங்கி தந்த கடிதத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆரம்ப மீதிகளைப் போட்டு முடித்ததும் கணக்குகளின் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பு, கடவுச்சொல் ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் பார்த்து, எங்கே இணங்கவில்லை என்று சொல்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா