பாடியது எங்கே, வாசித்தது யார் என்று போடுங்கள்

பாட்டுச் செயலியை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்களுக்கு எத்தனை முறை எழுதினாலும் தானாக வரும் நன்றிக் கடிதம் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பெர்லின் மேடையில் பாடிப் பதிவான ஆல்பத்தில், வாசித்தவர்கள் பெயரோ நாளோ இடமோ நீங்கள் போடவில்லை என்ற என் புகார் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பாட்டோடு வரிகளும் ஓடும் வசதியைச் சேர்த்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

'மேக் த நைஃப்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எழுதி, கர்ட் வைல் இசையமைத்து, 1928-இல் பெர்லினில் மேடையேறிய நாடகத்தின் பாட்டு அது. அதே ஊரில், 1960 பிப்ரவரி 13 அன்று, டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கில் பாடும்போது ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பாதியில் வரிகள் மறந்துபோகின்றன. அவர் நிறுத்தவில்லை. அடுத்த வரி தெரியவில்லை என்பதையே மெட்டில் போட்டுப் பாடுகிறார். பாடகர்கள் பாபி டாரினும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இந்தப் பாட்டை ரிக்கார்டாகக் கொடுத்ததைச் சொல்கிறார், ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலிலேயே கொஞ்சம் பாடியும் காட்டுகிறார். இப்படிப் பாடியதற்குத்தான் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு கிராமி விருது கிடைத்தது. உங்கள் திரையிலோ அச்சிட்ட பழைய வரிகள் தம்போக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் ஒன்று பாட, திரை வேறொன்று காட்டுகிறது. புதிதாகக் கேட்பவர் பாடகி தப்பாகப் பாடுகிறார் என்றுதானே நினைப்பார்?

'ஹவ் ஹை த மூன்' இதைவிட மோசம். ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு. வரிகள் சீக்கிரமே முடிந்து, வெறும் ஒலிகளால் பாடும் ஸ்கேட் தொடங்கிவிடுகிறது. அந்தப் பாட்டின் கார்டுகள்மேல், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்மேல், கட்டப்பட்ட சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'ஆர்னிதாலஜி' வந்துபோகிறது, வேறு பாட்டுகளின் துண்டுகள் மூச்சுவிடாமல் வந்து விழுகின்றன. கற்பனை ஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஓட்டம் உடனே பிடிபடும். இத்தனைக்கும் உங்கள் திரை காட்டுவது 'இசை மட்டும்'. ஐயா, அங்கே பாடிக்கொண்டிருப்பது ஒரு மனிதக் குரல்.

என் முக்கியமான கோரிக்கை பெயர்களைப் பற்றியது. அன்று பியானோ பால் ஸ்மித், கிட்டார் ஜிம் ஹால், பாஸ் வில்ஃபிரட் மிடில்புரூக்ஸ், டிரம்ஸ் கஸ் ஜான்சன். 'மேக் த நைஃப்' பாட்டில் சுருதி அரை அரை ஸ்வரமாக ஏறிக்கொண்டே போகிறது. பாடகி வரிகளை விட்டுவிட்டார், எங்கே போகப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. அப்போதும் நால்வரும் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் கூடவே ஏறுகிறார்கள். அவர்கள் பெயர் உங்கள் பக்கத்தில் எங்கும் இல்லை. நாள் இல்லை, அரங்கின் பெயர் இல்லை. ஆண்டு என்று போட்டிருப்பதும் பிற்காலத்து மறுபதிப்பின் ஆண்டு. நான் சேமித்து வைத்திருந்த 'ஹவ் ஹை த மூன்' பெர்லின் பதிவு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய 1947 ஸ்டுடியோ பதிவாக மாறியிருந்தது. பெயர் ஒன்றுதான் என்பதால் உங்கள் கணினிக்கு இரண்டும் ஒன்று. கேட்கிறவனுக்கு அப்படி இல்லை.

சந்தாவை உயர்த்த உங்களுக்கு நேரம் இருக்கிறது. எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்று ஆண்டு முடிவில் வண்ணப்படம் அனுப்ப ஆள் இருக்கிறது. ஜிம் ஹால் பெயரைப் போட மட்டும் இடம் இல்லையா? இது ஜாஸோடு நிற்கவில்லை. நம் பழைய திரைப்பாட்டுகளில் புல்லாங்குழலும் ஷெனாயும் வாசித்தவர்கள் யாரென்று உங்கள் செயலியில் தேடிப் பாருங்கள், எதுவும் கிடைக்காது. வாசித்துப் பிழைத்தவர்களுக்கு மிஞ்சுவது அந்தப் பெயர் ஒன்றுதான், அதையும் அழித்துவிட்டு மாதாமாதம் பணம் வாங்குகிறீர்கள்.

சரி, கோபத்தில் விஷயத்தைவிட்டு வெளியே போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். வாசித்தவர் பெயரையும், பதிவான நாளையும் இடத்தையும் போடுங்கள். எல்லா ஆல்பத்துக்கும் ஒரேயடியாக முடியாதென்றால் மேடையில் பதிவானவற்றிலிருந்து தொடங்குங்கள். விவரம் ரிக்கார்டு கம்பெனிகளிடம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி. அதுவரை பெர்லின் ஆல்பத்தில் அந்த ஓடும் வரிகளையாவது தயவுசெய்து நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்