இரண்டாம் தடவையும் வந்து நின்றவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருக்காரர்களுக்கும் பாளையங்கோட்டையில் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

அம்மாவுக்கு மூளையில் கட்டி என்று முதலில் தெரிந்தபோது ஊரே வந்து பார்த்தது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வருட ஸ்கேனில் அதே இடத்தில் மறுபடியும் வளர்ந்திருக்கிறது என்றதும், திரும்ப வந்துட்டா இனி என்ன செய்ய என்று ஒதுங்கியவர்களும் உண்டு. அப்போதும் முன்னைப் போலவே ஓடி வந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் டாக்டர் ஐயா. அம்மாவுக்கு இருந்தது மெனிஞ்சியோமா, மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளர்கிற கட்டி. உச்சந்தலைக்கு அடியில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஒட்டியிருந்த கொஞ்சத்தைச் சுரண்டினால் உயிருக்கே ஆபத்து என்பதால் விட்டுவைத்ததை, அன்றைக்கே எங்களை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினார். மிச்சம் கூடக்கூட திரும்ப வளரும் வாய்ப்பும் கூடும் என்று சிம்ப்சன் என்கிற டாக்டர் 1957லேயே எழுதியிருக்கிறாராம். வலிப்பு, தலைவலி எதுவும் இல்லாவிட்டாலும் வருடம் தவறாமல் எம்ஆர்ஐ எடுக்கணும் என்று எங்கள் டாக்டர் ஐயா கண்டிப்பாகச் சொன்னதால்தான், இந்தத் தடவை கால் பலம் குறைவதற்கு முன்பே பிடிக்க முடிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படிக் கட்டி எடுத்தவர்கள் இருந்தால், நல்லாத்தானே இருக்காங்க என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

ரத்தம் கொடுத்த தம்பிகளே, உங்களில் பாதிப்பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. முதல்வர் காப்பீட்டுத் திட்டப் பேப்பர்களை எனக்காக அலைந்து முடித்துக் கொடுத்த அக்கா, ஸ்டீராய்டால் சுகர் ஏறி, தூக்கமில்லாமல் அம்மா ராத்திரியெல்லாம் கேட்டதையே கேட்டபோது ஒவ்வொரு தடவையும் பதில் சொன்ன நர்ஸ் சிஸ்டர், உங்களை மறக்க மாட்டோம்.

இந்தத் தடவை எடுத்த கட்டியின் சதைப் பரிசோதனையில் இரண்டாம் கிரேடு, அதாவது திரும்ப வளரும் வாய்ப்பு கூடுதலான வகை, என்று வந்ததால் ஆறு வாரம் ரேடியேஷனும் தேவைப்பட்டது, திங்கள் முதல் வெள்ளி வரை. முகத்தில் வலை மாஸ்க்கைப் போட்டு மேசையோடு இறுக்கியதும் அம்மா பயந்துவிட்டாள். மைக்கில் "ஆச்சி, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்த தம்பிக்கு அவள் தினமும் சாமியிடம் வேண்டிக்கொள்கிறாள். விடியுமுன் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்ட ஆட்டோ அண்ணாச்சி கடைசிவரை காசு வாங்கவில்லை. அப்பள வேலையை விட்டுவிட்டு என் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்ட மதினிக்கு என்ன சொல்ல, கூடப் பிறந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பார்களா தெரியவில்லை.

அடுத்த ஸ்கேன் தை மாதம், முடிவு வந்ததும் எல்லாருக்கும் சொல்கிறேன். அம்மா இப்போது கம்பு ஊன்றாமல் நடக்கிறாள், உங்கள் எல்லாருக்கும் தன் கையாலேயே சொதி வைத்துப் போடணும் என்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள்.